பழைய மெட்டும் புதிய விருந்தும்

பாடல் இயற்றுவோரிடையேயும் பாடலைச் சுவைப்போரிடையேயும் ஓர் ஐயம் நெடுங்காலமாக நிலவி வருகிறது. இனிப் புதிய பாடல் பிறத்தற்கு இடமுண்டா என்பதே அவ்வையம். ஏழு சுரங்களும் பன்னிரண்டு சுரத்தானங்களும் என்றோ வகுக்கப்பட்டுவிட்டன. அவற்றிடையே அமையக்கூடிய இனிய சேர்க்கைகளை முன்னோர் கையாண்டுவிட்டனர். காதல், பிரிவு, பக்தி, நாட்டுப்பற்று ஆகியவற்றைப் பாடாத கவிஞர் இலர். ஆதலின் இனி இயற்றப்படுவன யாவும் முன்னர் எழுந்த ஏதேனும் ஒன்றன் எதிரொலியாகவே அமையும் என்று வாதிடுவோர் பலர்.

இவ்வாதத்திலிருந்து இரண்டு முடிவுகள் பிறக்கின்றன. எல்லாமே இரவல்தான் என்றால் எவருடைய மெட்டையும் எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்பது ஒரு முடிவு. முன்னையதோடு ஒத்திருப்பது எதுவாயினும் அது திருட்டே, ஆதலின் எழுதாதிருப்பதே நன்று என்பது மற்றொரு முடிவு. முதல் முடிவு மாணவனைச் சோம்பேறியாக்குகிறது. இரண்டாம் முடிவு அவனை ஊமையாக்குகிறது. பள்ளி விழாவுக்குப் பாடல் எழுதி வரும் மாணவனின் தாளைக் கையில் வாங்கும் தமிழாசிரியர் இவ்விரண்டினுக்கும் இடையே நின்று தீர்ப்புக் கூற வேண்டியவராக இருக்கிறார். ஆகவே, பாடலில் புதுமை என்பது யாது, அது எங்கே உறைகிறது என்பதை ஆராய்ந்து தெளிவது இன்றியமையாததாகும்.

எண்ணிக்கையும் புதுமையும்

முதற்கண், சுரச் சேர்க்கைகள் தீர்ந்துவிட்டன என்னும் கூற்றை நோக்குவோர்க்குக் கணக்கு வேறொன்றைக் காட்டும். பதினேழாம் நூற்றாண்டில் வேங்கடமகி இயற்றிய 'சதுர்தண்டிப் பிரகாசிகை' 72 மேளங்களுக்கு வழி வகுத்தது. ஒரு மேளத்தின் ஏறு நிரலிலும் இறங்கு நிரலிலும் ஏழு, ஆறு, ஐந்து சுரங்களை அமைக்கும் வகைகள் தாய் மேளத்தையும் உள்ளிட்டு 484 ஆகும். இதனை 72 மேளங்களோடும் பெருக்கினால் 34,848 கிடைக்கும். வக்கிர இராகங்களும் நான்கு சுர இராகங்களும் இக்கணக்கிற்கு அப்பாற்பட்டவை. அரங்கில் வழங்கும் இராகங்களோ சில நூறே. கருவூலம் தீரவில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆயினும், கருவூலம் தீர்ந்தே போயிற்று என்று வைத்துக்கொண்டாலும் பாடல் தீர்ந்துவிடுமா? இவ்வினாவிற்கு அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று விடை தருகிறது. அமெரிக்கரான டேமியன் ரீல், நோவா ரூபின் என்னும் இருவர், எட்டுச் சுரங்களைப் பன்னிரண்டு இடங்களில் அமைக்கும் எல்லா வகைகளையும் கணிப்பொறியைக் கொண்டு உருவாக்கிப் பதிவு செய்தனர். அவற்றின் தொகை ஏறத்தாழ 6,870 கோடி. எவரும் எவர் மீதும் மெட்டுத் திருட்டு வழக்குத் தொடரா வண்ணம் அவற்றைப் பொதுவுடைமையாக்குவதே தங்கள் நோக்கம் என 2020இல் அவர்கள் உலகுக்கு அறிவித்தனர். சுரக்கோவை ஒன்றே பாடல் என்றால், அவ்வாண்டோடு பாடல் இயற்றும் தொழில் முடிந்திருக்க வேண்டும். அவ்வாறு முடியவில்லை. அக்கோடிகளுள் ஒன்றையேனும் பாடித் தன் குழந்தையை உறங்க வைத்த தாய் எவளுமில்லை.

தமிழ் எழுத்துகள் 247. வள்ளுவர் 248ஆம் எழுத்தைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்றவரல்லர். அவர் கையாண்ட குறள் வெண்பா யாப்பும் ஏழு சீர்களுக்குள் அடங்குவதே. கருவி பழையதாயிருப்பது புதுமைக்குத் தடையாவதில்லை. தோடி இராகம் ஒன்றிலேயே தியாகராசர் இருபதுக்கும் மேற்பட்ட கிருதிகளை இயற்றினார். அவற்றுள் ஒன்றைக் கேட்டவர் மற்றொன்றைக் கேட்டதாக மயங்குவதில்லை. மறுபுறம், நான்கு சுரங்களிலும் அதனினும் குறைந்த சுரங்களிலும் இராகங்களை உருவாக்கிய மங்களம்பள்ளி பாலமுரளிகிருஷ்ணா அவற்றைத் தம் கிருதிகளாலேயே நிலைநிறுத்த வேண்டியிருந்தது. புதிய சுரநிரல் புதிய வாயில் ஒன்றைத் திறக்கும். உள்ளே குடியிருக்கப் பாடல் வந்தாலன்றி அது வாயிலாகவே நின்றுவிடும்.

இலக்கணத்தார் வகுத்த நெறி

புதுமை பற்றிய இச்சிக்கலைத் தமிழிலக்கணத்தார் முன்னரே எண்ணிப் பார்த்துள்ளனர். தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் எண்வகை வனப்புகளுள் 'தொன்மை'யும் ஒன்று, 'விருந்து'ம் ஒன்று. பழமையான கதைப்பொருள் பற்றி வருவது தொன்மை. புதிதாகப் புனையப்படும் யாப்பின் மேலது விருந்து. இவ்விரண்டும் ஒரே பட்டியலில் வனப்புகளாக அருகருகே வைக்கப்பட்டிருத்தல் எண்ணத்தக்கது. ஒன்று இருப்பதால் மற்றொன்று இழுக்குறும் என்று தொல்காப்பியர் கருதவில்லை. விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே அடிப்படைப் பொருள். வீட்டிற்குப் புதிதாக வருபவரும் அவர்க்கு இடும் உணவும் பின்னரே அப்பெயர் பெற்றன.

அவ்வாறே மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்து, தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என வழிநூலுக்கு நான்கு வகை கூறுகிறது. நன்னூலார் சார்புநூலையும் சேர்த்து மூன்றாக்கினார். வழிநூல் செய்வோன் முன்னோன் கருத்தைப் போற்றிக்கொண்டே தான் வேண்டும் வேறுபாட்டையும் கூறலாம் என்பது அவர் கொள்கை. பிறர் நூலின் வழியே செல்லுதல் இழிவாகக் கருதப்படவில்லை. வழியை மறைத்தலும் வேறுபாடு ஒன்றுமின்றிச் செல்லுதலுமே குறைகளாயின. இந்நெறி நூலுக்குக் கூறப்பட்டதாயினும், பாடலுக்கும் இசைக்கும் முழுவதும் பொருந்துவதாகும்.

மாணிக்கவாசகரின் திருவாசகம் இதற்கு நல்ல சான்று. அம்மானை, பொற்சுண்ணம், தெள்ளேணம், சாழல், பூவல்லி, பொன்னூசல் என அவர் எடுத்துக்கொண்ட வடிவங்களுட் பல மகளிர் ஆடுகையிலும் இடிக்கையிலும் பாடி வந்தவை. வடிவம் மக்களுடையது, அதனுள் உருகும் உள்ளம் அவருடையது. இளங்கோவடிகளும் கடற்கரை மக்களின் வரிப்பாடலைக் கானல்வரியாக்கிக் கோவலனும் மாதவியும் பிரிதற்குரிய இடத்தில் அதனை வைத்தார். ஊடலும் காதலுமாய்க் கிடந்த வரிப்பாடல் ஒரு காப்பியத்தின் திருப்புமுனையாயிற்று.

நந்தன் கதை நடந்த வழி

ஒரு பொருள் பலர் கைப்பட்டும் ஒவ்வொரு கையிலும் புதிதாவதற்குத் திருநாளைப்போவார் வரலாற்றினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் அவர் பெயரை மட்டுமே சுட்டினார். நம்பியாண்டார் நம்பி திருவந்தாதியில் ஒரு பாடலாக வகுத்தார். சேக்கிழார் பெரியபுராணத்தில் அதனைக் கதையாக விரித்தார். தொகை, வகை, விரி என்று அறிஞர் இம்மூன்றனையும் வழங்குவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கதையை எடுத்து 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யாக இயற்றினார். சேக்கிழாரிடத்து இல்லாத ஒருவரை அவர் கதைக்குள் கொண்டுவந்தார். நந்தனைத் தில்லைக்குப் போகவொட்டாது தடுக்கும் நிலக்கிழாராகிய வேதியரே அவர். இவ்வொரு பாத்திரத்தால் கதையின் திசையே மாறிற்று. சேக்கிழாரின் நந்தனார் தம் பிறப்பை எண்ணித் தாமே தயங்கி நாளைப் போவேன் என்று நாள் கழிக்கிறார்; கோபாலகிருஷ்ணரின் நந்தனோ விடைதர மறுக்கும் ஆண்டையின் முன் கைகட்டி நிற்கிறான். பக்திக் கதைக்குள் பண்ணையடிமையின் துயரம் நுழைந்தது. சிந்தும் கண்ணியும் கீர்த்தனையுமாக மக்கள் நாவிற்கு எளிதில் வரும் மெட்டுகளை அவர் அமைத்தமையால், அப்பாடல்கள் தமிழகம் எங்கும் பரவின.

அவ்வாறு பரவியிருந்த மெட்டுகளைத்தான் சுப்பிரமணிய பாரதியார் தம் தேசியப் பாடல்களுக்கு எடுத்துக்கொண்டார். இன்ன பாடலின் வர்ணமெட்டு என்று பாடலின் தலைப்பிலேயே அவர் குறித்தார். ஓரிடத்தில் மெட்டோடு கருத்தையும் பின்பற்றியதாகவே குறிப்பு உள்ளது. இதனை மெட்டுப் பஞ்சத்தால் விளைந்த செயல் எனக் கருதுவோர் அவர் எந்த மெட்டை எவர் வாயில் வைத்தார் என்பதை நோக்க வேண்டும். தில்லைக்குப் போக விரும்பிய நந்தனை வேதியர் ஏளனம் செய்யும் பாடலின் மெட்டு, சுயராச்சியம் விரும்பிய இந்தியனை ஏளனம் செய்யும் ஆங்கிலேய அதிகாரியின் வாய்க்கு வந்தது. தான் ஆண்டைக்கு அடிமையல்லன் என நந்தன் பாடும் பாடலின் மெட்டு, அன்னியர்க்கு அடிமையல்லேன் எனும் தேசபக்தனுக்கு உரியதாயிற்று. நந்தனின் போக்கைக் கண்டு அஞ்சி அவனுடைய சேரி மக்கள் புலம்பும் மெட்டு, திலகர் போன்ற தீவிரவாதிகளைக் கண்டு அஞ்சிய மிதவாதிகளுக்குக் கிடைத்தது.

நந்தன் பாடலை அறிந்தவர் செவியில் இம்மெட்டு விழுந்தவுடன் என்ன நிகழ்ந்திருக்கும்? அதிகாரி பேசத் தொடங்கும் முன்னரே அவன் ஆண்டை என்பதைக் கேட்பவர் உணர்ந்திருப்பர். அடிமைப்பட்ட இந்தியன் நந்தன் நிலையில் நிற்கிறான் என்பதும், நந்தன் இறுதியில் தில்லையை அடைந்தது போல இவனும் தன் விடுதலையை அடைவான் என்பதும் சொல்லாமலே விளங்கியிருக்கும். அதனோடு மற்றொன்றும் உண்டு. சேரி மக்களை அடக்கி வைத்த உயர்குலத்தார், அந்நியன் முன்னே தாமும் சேரி மக்களாகவே நிற்கின்றனர் என்னும் கடிந்துரையையும் அம்மெட்டே தாங்கி வருகிறது. முற்றிலும் புதிய மெட்டொன்றைப் பாரதியார் புனைந்திருப்பின் இவற்றுள் ஒன்றும் கிட்டியிராது. இரவல் மெட்டாலேயே இப்பாடல்கள் புதியனவாயின என்பது முரணாகத் தோன்றினும் உண்மையாகும்.

இசையிலே இரவல்

பாரதியார் புதுக்கியது சொல்லைத்தான், இசை அசையாமல் பழையபடியே இருந்தது அன்றோ என வினவுதல் கூடும். ஆதலின் இசையமைப்பிலும் இதனை ஆராய்தல் வேண்டும்.

முத்துசுவாமி தீட்சிதர் கிழக்கிந்தியக் கும்பினியாரின் பேண்டு வாத்தியக் குழு வாசித்த மேனாட்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றிற்குச் சமஸ்கிருதச் சொற்களை அமைத்தார். நாற்பதளவில் உள்ள இப்பாடல்கள் நொட்டுசுர சாகித்தியங்கள் எனப்படும். அவற்றுள் ஒன்று ஆங்கிலேயரின் அரச வாழ்த்து மெட்டிலேயே அமைந்தது. குழந்தைகளுக்குப் பயிற்றவும் செவிக்கு இனிமை தரவும் இவை பயன்படுகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால், தீட்சிதரின் பெருமை இவற்றால் நிலைபெற்றதென எவரும் கூறார். மெட்டு வந்தபடியே நின்றது. சொல் அதன் மேல் அமர்ந்தது. ஒன்று மற்றொன்றைத் தீண்டி மாற்றவில்லை.

அதே குடும்பத்தில் அதே காலத்தில் நிகழ்ந்த மற்றோர் இரவலோ முற்றிலும் வேறான பயன் விளைத்தது. தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் மேனாட்டு வயலினைக் கற்று, அதனைக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்தவருள் முதல்வராகப் போற்றப்படுகிறார். காலப்போக்கில் கருவியைப் பிடிக்கும் முறை மாறிற்று. வாசிப்பவர் தரையில் அமர்ந்தார். நரம்புகளின் சுருதி மாறிற்று. விரல்கள் கமகத்திற்கு ஏற்ப வழுக்கி இயங்கத் தொடங்கின. இன்று வயலினின்றிக் கச்சேரியே இல்லை எனும் அளவிற்கு அது இம்மண்ணுக்குரியதாயிற்று. வந்த பொருள் தங்கிய வீட்டின் பழக்கத்தை ஏற்றுக்கொண்டது. வீடும் அதனால் வளம்பெற்றது. இவ்விரண்டு செய்திகளையும் ஒப்பிட்டால், இரவலின் அளவைவிட இரவல் பெற்ற மாற்றமே புதுமைக்கு அளவுகோல் என்பது புலனாகும்.

பிற்காலத்தில் இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' என்னும் இசைத்தொகுப்பும் இங்குக் கருதற்பாலது. தியாகராசருக்கும் செருமானிய இசைமேதை பாக்குக்கும் அவர் அதனைக் காணிக்கையாக்கினார். அதில் பாக்கைத் தம் வீட்டில் சந்தித்ததாகப் பெயரிட்ட பகுதியில், பாக்கின் வயலின் இசை வெளிப்படையாகவே எடுத்தாளப்பட்டு, அதனோடு மற்றொரு வயலின் உரையாடுகிறது. எடுத்த இடம் மறைக்கப்படவில்லை, தலைப்பிலேயே பறைசாற்றப்படுகிறது. கேட்பவர் இருவர் குரலையும் தனித்தனியே உணர்கிறார்; இருவரும் சேர்ந்த குரல் முன்னர் எங்கும் இல்லாததாக இருக்கிறது. நன்னூலார் கூறிய வழிநூல் இலக்கணம் இசையில் நிறைவேறிய இடம் இது எனலாம்.

நாட்டுப்பண்ணின் கதை

மலேசியத் தமிழ் மாணவர் இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. பள்ளித் திடலில் அவர்கள் நிமிர்ந்து நின்று பாடும் 'நெகாராகூ' பண்ணே போதிய சான்றாகும்.

1957இல் விடுதலை பெறவிருந்த மலாயாவுக்குத் தேசியப் பண் வேண்டுமென உலக அளவில் போட்டி நடத்தப்பட்டது. வந்த பண்கள் 514. அவற்றுள் ஒன்றும் மனநிறைவு தரவில்லை. புகழ்பெற்ற இசையமைப்பாளர் சிலரை அழைத்துக் கேட்டும் தேர்வுக் குழு எதிர்பார்த்தது கிட்டவில்லை. இறுதியில், துங்கு அப்துல் ரகுமானைத் தலைவராகக் கொண்ட குழு பேரா மாநிலப் பண்ணின் மெட்டைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் புதிய சொற்களை அமைத்தது. அம்மெட்டோ பேராவிலும் பிறந்ததன்று. சீசெல்சுத் தீவில் வழங்கிய பிரெஞ்சுப் பாடல் ஒன்றன் சாயல் அதில் உண்டு. மலாய் நாடக மேடைகளில் அது 'தெராங் பூலான்' என்னும் நிலவுப் பாட்டாகப் பாடப்பட்டு வந்தது.

ஆராய்ந்து நோக்கின், தீவிலிருந்து அரண்மனைக்கும், அரண்மனையிலிருந்து நாடக மேடைக்கும் நடன அரங்குக்கும் திரிந்த மெட்டொன்று ஒரு நாட்டின் தலைமைப் பாடலாயிற்று. முற்றிலும் புதியனவாக எழுதப்பட்டு வந்த 514 பண்களும் தோற்ற இடத்தில், பலர் வாய்ப்பட்ட பழைய மெட்டு வென்றது. காரணம் யாது? அம்மண்ணில் வாழ்ந்தோரின் செவிகளுக்கு அது முன்னரே பழகியிருந்தது. விடுதலை என்னும் புதிய நிகழ்ச்சி அதன் நடையை மாற்றி, கேளிக்கையிலிருந்து வணக்கத்திற்கு உயர்த்தியது. இன்று அதனைக் கேட்போர் நிலவை நினைப்பதில்லை. மெட்டின் பிறப்பிடத்தைவிட அது சென்று சேர்ந்த இடமே அதன் பொருளை வரையறுத்தது.

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் பாடப்பட்டுவரும் எஸ். ஜேசுதாசனின் 'முன்னேறு வாலிபா' என்னும் தமிழ்ப் பாடலும் இவ்வாறே மதிப்பிடத்தக்கது. நடைப்பாட்டின் எளிய போக்கு உலகெங்கும் உள்ளதே. ஆயினும், இளங்குடியரசு ஒன்றின் இளைஞரைத் தமிழில் அழைத்த அப்பாடலைச் சீன, மலாய்ச் சிறுவரும் கற்றுப் பாடினர். அவ்வழைப்பும் அச்சூழலும் வேறெங்கும் இல்லாதவை.

சட்டத்தின் அளவுகோலும் திறனாய்வின் அளவுகோலும்

இரவல் பெருமைக்குரியதாகும் என்றால் திருட்டு என்பதே இல்லையா? உண்டு. அதனை வரையறுப்பதில் சட்டமும் திறனாய்வும் வெவ்வேறு வழிகளில் செல்கின்றன.

ஆங்கிலப் பாடகர் ஜார்ஜ் ஹாரிசன் 1970இல் வெளியிட்ட 'மை ஸ்வீட் லார்ட்' என்னும் பாடல், 1963இல் புகழ்பெற்ற அமெரிக்கக் காதற்பாடல் ஒன்றன் மெட்டை ஒத்திருப்பதாக வழக்குத் தொடரப்பட்டது. 1976இல் தீர்ப்புக் கூறிய நீதிபதி, ஹாரிசன் வேண்டுமென்றே திருடியதாகக் கருதவில்லை. கேட்ட மெட்டு அவருடைய அடிமனத்தில் தங்கி, அவர் அறியாமலே வெளிவந்தது என்றும், அதுவும் உரிமை மீறலே என்றும் தீர்ப்பளித்தார். மெட்டு எவர் சொத்து என்பதே சட்டத்தின் வினா. ஆதலின் அத்தீர்ப்பு தன்னளவில் பொருந்தும். ஆனால், நினைவில்லாத இசைஞன் எவனுமிலன் என்பதும் இதனால் தெளிவாகிறது. கேட்டவை யாவும் உள்ளே உரமாகிக் கிடப்பதாலேயே பாடல் முளைக்கிறது. காதற்பாடலின் சாயல் இறைவனைக் கூவியழைக்கும் பாடலுக்குள் எவ்வாறு புகுந்தது, அங்கு அது என்ன பணி செய்கிறது என்பதே திறனாய்வாளனின் வினா.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்று 2021இல் சிங்கப்பூரில் பேசப்பட்டது. 1986இல் சிங்கப்பூர் தேசிய நாளுக்கென இயற்றப்பட்ட 'கவுண்ட் ஆன் மீ, சிங்கப்பூர்' என்னும் பாடல், சிங்கப்பூர் என்னும் சொல் இருந்த இடத்தில் இந்தியா என்னும் சொல் இடப்பட்டு, சிற்சில மாற்றங்களோடு இந்தியாவில் பாடப்பட்டு வந்தது தெரியவந்தது. அதனைத் தாமே முன்னர் இயற்றியதாக அங்கு உரிமை பாராட்டியவர் பின்னர் அவ்வுரிமையைக் கைவிட்டார். இதனைப் பாரதியாரின் செயலோடு ஒப்பிட்டு நோக்குக. பாரதியார் மூலத்தைத் தலைப்பிலே குறித்தார். இங்கு மூலம் மறைக்கப்பட்டது. பாரதியாரிடத்து மூலத்தை அறிந்தவர் மிகுதியாகச் சுவைப்பர். இங்கு மூலத்தை அறிந்தவர்க்குச் சுவையே கெடும். பாரதியாரிடத்து மெட்டு புதிய பொருளை ஈன்றது. இங்கு நாட்டின் பெயரன்றி வேறொன்றும் மாறவில்லை. மூலத்தை அறிந்த பின் பாடல் உயர்கிறதா தாழ்கிறதா என்பதே தழுவலையும் திருட்டையும் பிரித்துக் காட்டும் உரைகல்லாகும்.

ஒப்பாரி கற்பிக்கும் பாடம்

புலவரும் இசைவாணரும் ஒருபுறமிருக்க, எழுத்தறியாத மக்கள் இவ்வினாவிற்குத் தம் வாழ்வாலேயே விடை கூறியுள்ளனர். தமிழகச் சிற்றூர்களிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் தாலாட்டையும் ஒப்பாரியையும் கும்மியையும் காவடிச் சிந்தையும் உடன் கொண்டுவந்தனர். மெட்டுகள் சிலவே, அவையும் சில சுரங்களுக்குள் சுழல்வன. அம்மெட்டுகளுக்குள் பால்மரமும் கங்காணியும் கிராணியும் விடியற்காலைப் பெரட்டுக்களமும் வந்து புகுந்தன. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் தமிழ்த் தொழிலாளரைச் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசென்றபோது, திரும்பி வாராதவர்களைப் பற்றிய புலம்பலும் அம்மெட்டுகளிலேயே எழுந்தது.

ஒப்பாரியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதன் மெட்டு பாட்டியிடமிருந்து தாய்க்கும் தாயிடமிருந்து மகளுக்கும் வந்தது. தொடக்கமும் இழுவையும் விம்மலும் முன்னரே வகுக்கப்பட்டவை. உவமைகளிற் பலவும் வழிவழி வந்தவையே. ஆயினும், இறந்தவர் பெயர், உறவு, தொழில், அவர் விட்டுச்சென்ற குறைகள், அவரோடு ஆடிய பூசல் ஆகிய யாவும் அன்று அவ்விடத்தில் அப்பெண்ணால் பாடப்பட வேண்டியவை. கணவன் இறப்பிற்குப் பாடியதைத் தந்தை இறப்பிற்கு அப்படியே பாட இயலாது. நேற்றுப் பாடியதை இன்று பாடினால் துக்க வீட்டில் அது பொய்யாகும். புதுமை வேண்டும் என்று அப்பெண் முயல்வதில்லை. இறந்தவர் வேறொருவர் அல்லர் என்பதே அவளைப் புதிதாகப் பாட வைக்கிறது. உண்மையான தேவை உள்ள இடத்தில் பழைய மெட்டு புதிய பாடலைத் தந்தே தீரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்றில்லை.

இக்கருத்து பொறிகள் இயற்றும் பாடல்களை மதிப்பிடவும் துணைபுரியும். சில சொற்களை இட்டால் நொடிப்பொழுதில் இசையோடும் குரலோடும் பாடலை உருவாக்கித் தரும் கணிப்பொறி அமைப்புகள் பரவிவிட்டன. தங்கள் இசைத்தட்டுகளை இசைவின்றிப் பயன்படுத்தியதாக அமெரிக்க இசை நிறுவனங்கள் 2024இல் அவ்வமைப்புகள் சிலவற்றின் மீது வழக்கும் தொடுத்தன. பொறி தரும் பாடல் இலக்கணப் பிழையின்றியும் செவிக்கு இதமாகவும் அமைதல் கூடும். ஆனால் அதற்கு இறந்தவர் எவருமிலர், பிரிந்தவர் எவருமிலர். பல பாடல்களின் பொதுச் சாயலை அது திரட்டித் தருகிறது. எவருடைய துயரத்தையும் குறிக்காத ஒப்பாரியை அது ஒத்தது. பொறியின் பாடலைக் கண்டு அஞ்ச வேண்டியவர், பொறியைப் போலவே பொதுச் சாயலைத் திரட்டி எழுதி வந்த பாடலாசிரியரே.

வகுப்பறையில் எழும் வினா

இந்நோக்கில் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்ப் பாடல்களின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பள்ளி விழாக்களிலும் கோயில் திருவிழாக்களிலும் திரைப்பட மெட்டில் சொற்களை மாற்றியமைத்துப் பாடுவது வழக்கமாகிவிட்டது. இதனைக் கண்டிப்போர் மெட்டு இரவல் என்பதைக் குறையாகக் கூறுவர். மெட்டு இரவலாயிருப்பது பெருங்குறையன்று. அம்மெட்டோடு சொல்லும் உவமையும் உணர்ச்சியும் சேர்ந்தே இரவலாவதுதான் வருந்தத்தக்கது. காவிரியைக் கண்டிராத மாணவன் காவிரியைப் பாடுகிறான். அவன் பாட்டி நாற்பதாண்டுகள் சீவிய பால்மரம் அவன் பாடலில் இல்லை. அடுக்குமாடி வீட்டின் பன்னிரண்டாம் மாடியில் வாழ்பவன் முற்றத்து நிலவைப் பாடுகிறான்; மின்தூக்கியில் நாள்தோறும் சந்திக்கும் பன்மொழி அண்டை வீட்டார் அவன் பாடலுக்குள் நுழைவதில்லை. தன்னிடம் சொல்லுதற்கு ஒன்றுமில்லை என்று அவனுக்குக் கற்பிக்கப்பட்டுவிட்டதோ என்று அஞ்ச வேண்டியுள்ளது.

ஆசிரியர் அத்தகைய பாடலைக் கையில் வாங்கும்போது மூன்று வினாக்களை எழுப்பலாம். எடுத்த இடம் ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளதா என்பது முதல் வினா. எடுத்தது மாற்றம் பெற்றுள்ளதா, மூலத்தை அறிந்தவர்க்குப் பாடல் மிகுதியாகச் சுவைக்கிறதா என்பது இரண்டாம் வினா. இப்பாடல் எழுதப்படாதிருந்தால் சொல்லப்படாமலே போயிருக்கக்கூடியது ஏதேனும் இதில் உண்டா என்பது மூன்றாம் வினா. முதல் வினா நேர்மையைப் பற்றியது. இரண்டாவது திறமையைப் பற்றியது. மூன்றாவதே புதுமையைப் பற்றியது. மூன்றாம் வினாவிற்கு 'ஆம்' என்னும் விடை கிடைக்குமாயின், மெட்டு எங்கிருந்து வந்ததாயினும் அப்பாடல் புதியதே. 'இல்லை' என்னும் விடை கிடைப்பின், எவரும் கேட்டிராத இராகத்தில் அமைந்தாலும் அது பழையதே.

நந்தனார் கீர்த்தனையையும் அதன் மெட்டில் அமைந்த பாரதியார் பாடலையும் அருகருகே வைத்து மாணவர்க்குப் பயிற்றுதல் நற்பயன் தரும். ஒரு மெட்டை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும், அது தன்னுடன் எவ்வெந்நினைவுகளைக் கொண்டுவருகிறது, அந்நினைவுகளைப் புதிய பாடல் எவ்வாறு பயன்கொள்ள வேண்டும் என்பன அவர்க்கு அதனால் விளங்கும். அதன் பின்னர்த் திரைப்பட மெட்டொன்றையே மாணவன் எடுத்தாளினும், காரணத்தோடு எடுத்தாள்வான். மெட்டுத் தன் பொருளுக்குப் போதாது என உணரும் நாளில் அதனை அவனே மாற்றுவான். சொந்த மெட்டு அவ்வாறுதான் பிறக்கும்.

பாடலில் புதுமை இன்னும் இயலுமா என்னும் வினாவிற்கு, எண்ணிக்கையைக் கொண்டு விடை காண முயன்றோர் ஏமாற்றமே அடைவர். சுரங்கள் ஏழாகவே இருக்கும். வாழ்க்கையோ ஒவ்வொரு தலைமுறைக்கும் அதற்கேயுரிய பிரிவுகளையும் இழப்புகளையும் விடுதலைகளையும் கொண்டுவந்து வாயிலில் நிறுத்துகிறது. தொல்காப்பியர் புதுமைக்கு விருந்து எனப் பெயர் வைத்ததன் பொருத்தம் இங்கே விளங்கும். வீடு பழையது, அடுப்பும் பழையது, கலமும் பழையது. வருபவர் புதியவராயின், அவர்க்கென அன்று சமைக்கப்படுவது விருந்தே. வந்தவரைக் கண்டு கதவைத் திறக்கும் கண்ணை மாணவர்க்குத் தருவதே ஆசிரியர் கடன்.